துடிப்புக்குப் பத்து மதிப்பெண்

மார்ச் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, நகராட்சி நீச்சல் குளத்தை ஒட்டிய மைதானத்தில் நடந்த வண்ணக் கெண்டைக் காட்சியில், பதினேழாம் எண் தொட்டியிலிருந்து ஒரு மீன் எகிறித் தலைமை விருந்தினரின் மடியில் விழுந்தது.

நான் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. சமீப காலம் வரை என்னைப் பற்றி யாரும் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையின் அகலம் எட்டடி. கடைசிச் சுவரில் எழுத்துப் பலகை. அதன் அடி வரியை இன்றைக்கும் வாசற்படியில் நின்றே என்னால் படிக்க முடியும். கடுகை விடச் சின்ன ஸ்க்ரூக்களை நிறம் பிரித்துத் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒழுங்கில்லாமல் எதையும் செய்தவன் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

என் சகலை ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க பிரேக்கை மிதிக்கிற வேலை என்பதால் ஊரில் அவருக்குப் பெயரே பிரேக் மாஸ்டர். அவர் சிரித்தால் பக்கத்து மேசைக்காரரும் காரணம் தெரியாமல் சிரிப்பார். எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் வண்ணக் கெண்டை வளர்ப்போர் சங்கத்தில் உறுப்பினர்கள். வருடத்துக்கு ஒரு காட்சி, ஒரு கோப்பை. ஏழு வருடம் தொடர்ந்து அவருடைய மீன் முதலாவது வந்தது. ஏழு வருடமும் என்னுடையது இரண்டாவது.

"ரெண்டாவதுன்னா என்னங்க, அதுவும் ஒரு இடம்தானே" என்பாள் என் மனைவி. நல்ல எண்ணத்தில்தான் சொல்வாள். ஏழு வருடமும் அதே சொற்களில் சொன்னாள்.

சகலை தன் மீனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். என் மீனை நான் மீன் என்றுதான் அழைத்தேன். ஒரு நாள் மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்று என்றேன். "உங்கள இல்ல, மீன கேட்டேன். நேத்து தீனி சரியா எடுக்கலன்னு சின்னவ சொன்னா" என்றார். அதற்கும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு மூக்குத் தாங்கி மாற்றினேன்.

சங்கத்தின் மதிப்பெண் தாளில் நான்கு வரி உண்டு. நிறத்துக்குப் பத்து, உடல்வாகுக்குப் பத்து, செதிலுக்குப் பத்து, துடிப்புக்குப் பத்து. துடிப்பு என்றால் என்ன என்று சங்கத்தை ஆரம்பித்தவர் விதிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்: "தண்ணீரில் சும்மா இராமை." அவ்வளவுதான் விளக்கம். முதல் மூன்று வரிகளில் என் மீன் அவருடையதை விட எப்போதும் ஒன்றிரண்டு கூடத்தான் வாங்கும். நான்காவது வரியில் விழுந்துவிடும். அது அமைதியான மீன். என்னைப் போல.

லென்ஸ் வைத்திருப்பவன் என்பதால் சங்கம் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருந்தது. காட்சிக்கு வரும் ஒவ்வொரு மீனையும் வாசலில் வெள்ளைப் பேசினில் விட்டு, மீன் பேன் இருக்கிறதா என்று பார்த்து, "பேன் இல்லை" என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். மீன் பேன் பல பேர் கண்ணுக்குத் தெரியாது. உளுந்துப் பருப்பின் அளவு. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தட்டையான உடம்பு. மீனின் மேல் ஒட்டினால் செதிலோடு செதிலாகிவிடும். ஊசி போன்ற ஒன்றை உள்ளே இறக்கி உறிஞ்சும். மீனுக்கு அரிப்புத் தாங்காது. தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்க்கும், திடீரென்று பாயும், தண்ணீருக்கு மேலே எகிறும்.

ஏழாவது வருடம் வெளியூர் உறுப்பினர் ஒருவருடைய மீனின் துடுப்படியில் ஒரு பேனைப் பார்த்தேன். இடுக்கியால் எடுத்தேன். நசுக்குவதற்கு முன்னால் தொழில் பழக்கத்தில் லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன்.

அது கண்ணாடி போட்டிருந்தது.

சரியாகச் சொன்னால், மீனைப் பற்றிக்கொள்ள அதன் அடிப்பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உறிஞ்சு வட்டங்கள் இருக்கின்றன. உருண்டையான, ஒரே அளவிலான, கச்சிதமான வட்டங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் எத்தனையோ பிரேம் பொருத்தியிருக்கிறேன். இவ்வளவு சமமாக ஒன்று முகத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நசுக்க மனம் வரவில்லை. லென்ஸ் துடைக்கும் திரவம் வருமே, சின்ன சொட்டு பாட்டில், அதைக் கழுவித் தண்ணீர் ஊற்றி அதில் விட்டேன்.

கடையின் பின்னறையில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் விலை போகாத சின்ன மீன் ஒன்று, அதன் மேல் பேன். அது பெண் பேன் என்பது இரண்டாவது வாரம் தெரிந்தது. மீனை விட்டு இறங்கிப் போய் ஜாடியின் சுவரில் முட்டையிட்டிருந்தது. கோடு போட்டது போல வரிசை வரிசையாக, எழுத்துப் பலகையின் அடி வரி மாதிரி. பதினெட்டாம் நாள் பொரிந்தன. சின்ன மீன் அந்த மாதமே போய்விட்டது. வேறு ஒன்று வாங்கி விட்டேன். அதற்குப் பிறகு எத்தனை வாங்கினேன் என்ற கணக்கு முக்கியமில்லை.

எட்டாவது வருடம் காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் மச்சினி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். குழாய்க்குப் பக்கத்தில்தான் மாப்பிள்ளையின் தொட்டி. பையிலிருந்த சொட்டு பாட்டிலை அழுத்தி அதில் ஆறு பேனை விட்டேன். நோஞ்சானாகிவிட்டால் மீனைக் காட்சிக்குக் கொண்டுவர மாட்டார் என்பது என் கணிப்பு. ஒரு வருடம் ஓய்வு எடுப்பது மீனுக்கும் நல்லதுதானே.

காட்சியன்று வாசல் சோதனையில் ஆறும் இருக்கக் கண்டேன். நன்றாக வளர்ந்திருந்தன. "பேன் இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன். உள்ளே போன மாப்பிள்ளை தொட்டியை ரெண்டாக்கியது. சுவரில் தேய்த்தது, சுழன்றது, வாலை அடித்தது, முழ உயரத்துக்கு எகிறியது. நடுவர்கள் மூவரும் பேனாவை எடுக்க மறந்து பார்த்தார்கள்.

"பாருங்கய்யா, இதுதான் துடிப்பு" என்றார் ஒருவர். பத்துக்குப் பத்து.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு சகலை என்னிடம் வந்தார். "என்ன சகல, உங்க மீனு தியானத்துல இருக்கு போல?" என்று தோளில் தட்டினார். ரகசியம் என்ன என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "தினம் காலைல அரை மணி நேரம் அதுகூடப் பேசுவேன்" என்றார்.

அதற்கப்புறம் ஊரில் கெண்டை வைத்திருந்த அத்தனை பேரும் காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். சங்கச் செயலாளர் சலவைக் கடை நடத்துகிற அம்மா. "பட்டுப் பொடவைல தானே எண்ணெயக் கொட்டிட்டு, நம்ம கடைலதான் கொட்டிச்சுன்னு ஒருத்தி சொல்றா, இவள என்ன பண்றது?" என்று அவர் தன் மீனைக் கேட்டதை நானே தெருவிலிருந்து கேட்டேன். மீன் பேசாமல் இருந்தது.

மறுநாள் சகலை வீட்டுக்குப் போய், மீனைச் சோதிக்கிற சாக்கில் மாப்பிள்ளையின் மேலிருந்த பேன்களை எடுத்துவிட்டேன். மீன் மேல் இரக்கம் என்று சொல்லலாம். அவை என்னுடையவை என்பதும் ஒரு காரணம். ஆறில் ஐந்து கிடைத்தன. ஆறாவதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஒன்பதாவது வருடம் என் மீனின் மேலேயே விட்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? என் பேன், என் மீன். ஆனால் ஆர்வத்தில் நாற்பது விட்டுவிட்டேன். அளவு தவறிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு நாள் பாய்ந்தது. அப்புறம் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துடிப்பு என்ற வரியில் நடுவர் ஒருவர் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் "உயிரோடு உள்ளதா?" என்று கேள்வியும் எழுதியிருந்தார். பேனை எடுத்துவிட்ட பிறகு மீன் தேறிவிட்டது, ஆனால் அந்த வருடம் நான் இரண்டாவதாகக்கூட வரவில்லை. மாப்பிள்ளை பேன் எதுவும் இல்லாமலே முதலாவது வந்தது.

"விடுங்க, அடுத்த வருஷம் ரெண்டாவது வந்துடுவீங்க" என்றாள் மனைவி.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். ஒரு மீனுக்கு மட்டும் பேன் இருந்தால் அது அநியாயம். எல்லா மீனுக்கும் இருந்தால்? துடிப்பில் எல்லோருக்கும் பத்து. மிச்சம் நிறம், உடல்வாகு, செதில். அவற்றில் நான்தான் முன்னால். அதாவது நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. மதிப்பெண் தாளில் இருந்த ஒரு கோணலை நிமிர்த்தினேன். நிமிர்ந்து உட்காராத பிரேமை நாங்கள் சுடுமணலில் காட்டி வளைக்கிறோம் அல்லவா, அது போல.

ஒரு வருடம் வேலை செய்தேன். எல்லாப் பேனும் ஒரே வயது, ஒரே அளவாக வர வேண்டும். முட்டை ஒட்டிய கண்ணாடித் துண்டுகளைத் தேதி வாரியாக ஜாடி பிரித்தேன். காட்சிக்கு ஒரு நாள் முன்பு பட்டினி போட வேண்டும், விட்டவுடன் கடிப்பதற்காக. இரண்டு நாள் போட்டால் சோர்ந்துவிடும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் மனைவி ஒரு நாள் பின்னறைக்கு வந்து, "இவ்வளவு ஜாடி எதுக்குங்க?" என்றாள். லென்ஸ் ஊற வைத்திருக்கிறேன் என்றேன். லென்ஸை யாரும் ஊற வைப்பதில்லை. என் தொழிலைப் பற்றி அவள் கேட்டதே இல்லை என்பதால் தெரியாது.

மார்ச் பதினாறாம் தேதி நாற்பத்தொரு மீன் வந்தன, என்னுடையதையும் சேர்த்து. ஒவ்வொன்றையும் பேசினில் விட்டேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன், மறு கையால் பாட்டிலை ஒரு தரம் அழுத்தினேன், சீட்டில் கையெழுத்துப் போட்டேன். மீனுக்கு ஒரு பாட்டில், பாட்டிலுக்கு எட்டுப் பேன். யாருக்கும் ஒன்று கூடவோ குறையவோ இல்லை. வெறுங்கையால், உலர்ந்த கையால் ஒரு மீனையும் நான் தொட்டதில்லை. தொட்டால் அதன் மேல் தோல் கெட்டுவிடும்.

பத்தரைக்கு மைதானம் கொதிக்கிற பானை மாதிரி ஆயிற்று. நாற்பத்தொரு நீலத் தொட்டியிலும் மீன்கள் எகிறின. நடுவர்கள் நனைந்தார்கள். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். "பேசினதுக்குப் பலன் தெரியுது பாத்தீங்களா" என்று சலவைக் கடை அம்மா கண் கலங்கினார். அப்போதுதான் பதினேழாம் எண் தொட்டியிலிருந்து மாப்பிள்ளை புறப்பட்டு, வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்த தலைமை விருந்தினரின் மடியில் இறங்கியது. அவர் ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர். மிரளவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "என்ன ஒரு டைவ்" என்றார்.

நடுவர்கள் ஒதுங்கிக் கலந்து பேசினார்கள். தொட்டியை விட்டே வெளியே வந்த மீனுக்குப் பத்து போதாது என்று முடிவாயிற்று. விதிப் புத்தகத்தில் அதற்குத் தடை இல்லை. மாப்பிள்ளைக்குத் துடிப்பில் பதினைந்து போட்டார்கள். சகலை முதலாவது. நான் இரண்டாவது.

தலைமை விருந்தினர் கிளம்பும்போது மணி பார்த்தார். "தம்பி, நீங்கதானே கண்ணாடிக் கடை? வாட்ச்ல மூணாம் நம்பர் நகர்ற மாதிரி இருக்கு" என்றார். கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஒரு பேன் நடந்துகொண்டிருந்தது. கண்ணில் லேசான கோளாறு, கடைக்கு வாருங்கள் என்றேன். வந்தார். கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அவருக்கு எப்படியும் தேவைப்பட்டது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மீன்கள் வீட்டுக்குப் போயின, பேன்கள் கூடப் போயின, பெருகின. கடித்த இடம் புண்ணாகி, புண்ணில் பஞ்சு போலப் பூஞ்சை வந்தது. மூன்று வாரத்தில் முப்பத்து மூன்று மீன்கள் செத்தன.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் சகலை என் கடைக்கு வந்தார். அவர் சிரிக்காமல் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. "சகல, மாப்பிள்ள ஒரு மாதிரியா இருக்கான். ஒரு தடவ லென்ஸ வெச்சுப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். போனேன். மாப்பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. செவுளடியில் பதினோரு பேன் எண்ணினேன். பார்க்க நன்றாக இருந்தன. வெயிலின் சூடுதான், வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் சகலை. மச்சினி எனக்கு டீ கொண்டுவந்தாள். சர்க்கரை போடாமல் நினைவாகக் கொண்டுவந்தாள்.

நான்காம் நாள் மாப்பிள்ளை இறந்தது. கொல்லையில் பெரிய பூந்தொட்டியில் புதைத்தார்கள். மழை தூறியதால் நான் குடை பிடித்தேன்.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. மீன் நோய் டாக்டர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். இளம் பெண். எட்டுச் செத்த மீன்களைச் சோதித்துவிட்டு மேடையில் சொன்னார்: "இது தானா வந்த பேன் இல்ல. எல்லாம் ஒரே வயசு. யாரோ வளத்து விட்டிருக்காங்க. செஞ்சது பெரிய குத்தம். ஆனா ஒண்ணு சொல்லணும், எங்க ஆய்வுக்கூடத்துலயே இத இவ்வளவு நேர்த்தியா வளக்க முடியல. செஞ்சவர் சாதாரண ஆள் இல்ல."

கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். என் தொழிலைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஐம்பது பேர் முன்னால் யாரும் அப்படிப் பேசியதில்லை. எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் சகலை எழுந்துவிட்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் மேடையைப் பார்த்து, "நான்தாங்க செஞ்சேன்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் கடைப் பெயர் ஒட்டிய சொட்டு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"தொட்டிக்குப் பின்னாடி கெடந்துச்சு. ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன்" என்றார். "எதுக்கு வெச்சிருக்கேன்னு கேக்காதீங்க. வீட்ல ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. உங்க கடைக்கு அப்புறம் யாரு வருவா? எனக்கென்ன, நாலு நாள் திட்டுவாங்க, அப்புறம் வண்டி ஓட்டக் கத்துக்க வந்துதானே ஆகணும். விடுங்க சகல."

அவர் கண் சிவந்திருந்தது. மீனுக்காக அழுதது. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நிறம், உடல்வாகு, செதில் எல்லாவற்றிலும் நான் முன்னால் இருந்தும் பத்து வருடம் எடுத்துக்கொண்டார். இப்போது இதையும் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பேன் வளர்க்கத் தெரியாது. பேனின் எந்தப் பக்கம் மேல் பக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டார். ஐம்பது பேர் முன்னால் டாக்டர் சொன்ன வார்த்தை இப்போது அவர் பேரில் நிற்கிறது.

ஆகவே மறுநாள் காலை கடையைத் திறக்காமல் செயலாளர் அம்மாவிடம் போனேன். தேதி வாரியான ஜாடிகள், வளர்ப்புக் குறிப்பு எழுதிய இரண்டு நோட்டுப் புத்தகங்கள், பாட்டில், எல்லாவற்றையும் இஸ்திரி மேசையின் மேல் வைத்தேன். செய்தது நான், தனியாக, மூன்று வருடம், யாருடைய உதவியும் இல்லாமல். இதை மனசாட்சி உறுத்தியதால் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சகலையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து ஜாடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவம்மா இவரு. என்னைக் காப்பாத்தறதுக்காக வந்திருக்காரு. ஜாடி எல்லாம் நான்தான் அவர் கடைல குடுத்து வெச்சேன். என்னன்னு கேக்காம வெச்சுக்கிட்டாரு" என்றார். நோட்டில் இருப்பது என் கையெழுத்து என்றேன். "நான் சொல்லச் சொல்ல எழுதினாரு" என்றார்.

சங்கத்தின் விசாரணைக் குழு இரண்டு வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டது. என் மனைவியிடமும் மச்சினியிடமும் தனித்தனியாக விசாரித்தது. இருவரும், அவர் ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார் என்று சொன்னதாக அறிகிறேன். அவர்கள் சொன்னது என்னைப் பற்றி.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தீர்மானம் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. குற்றவாளிகள் என்ற தலைப்பின் கீழே இரண்டு பெயர்கள். முதலாவது என் சகலை, ஆயுள் நீக்கம். இரண்டாவது நான். எதிரே "உடந்தை, ஆறு மாதம்" என்று எழுதியிருந்தது.